மேற்கோளும் சாட்சியமும்: சட்டவியல் ஆய்வெழுத்தில் நூற்சான்று காட்டும் அறம்

முன்னுரை

தாம் கண்ணால் காணாத நூலொன்றை ஆய்வாளர் தம் அடிக்குறிப்பில் சான்றாகக் காட்டலாமா? பிறரொருவர் எடுத்தாண்ட மேற்கோளை அவர் நூலிலிருந்து பெற்று, மூலத்தையே பார்த்தவர்போல் எழுதுவது குற்றமா, அல்லது ஆய்வுலகம் பொறுத்துக்கொள்ளத்தக்க வழக்கமா? இவ்வினா எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. எனினும் சட்டவியலில் இது தனிக் கூர்மை பெறுகிறது. பிற துறைகளில் மேற்கோள் ஒரு கருத்துக்குத் துணையாக நிற்கிறது. சட்டத்திலோ மேற்கோளாகக் காட்டப்பெறும் தீர்ப்பே பல வேளைகளில் சட்டமாகவும் நிற்கிறது. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்பது இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 141ஆம் உறுப்பு. சட்டப் பேராசிரியர் எழுதும் நூலையும் கட்டுரையையும் வழக்கறிஞர் எடுத்தாளுகிறார். அவர் வாதத்தை நீதிபதி ஏற்கக்கூடும். ஏற்றால் அது முன்தீர்ப்பாகிறது. இந்நீண்ட தொடரில் எங்கோ ஓரிடத்தில் நேர்ந்த பொய்ம்மேற்கோள் ஒருவரது உடைமையையும் உரிமையையும் தொடும் ஆற்றலுடையது.

சட்டவியல் ஆய்வாளர் நூல்களையும் கட்டுரைகளையும் மேற்கோள் காட்டும்போது ஒரு சாட்சியின் நிலையில் நிற்கிறார். ஆதலின் சாட்சிக்குச் சட்டம் விதிக்கும் ஒழுங்கே அவருக்கும் உரிய ஒழுங்காகும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். உரையாசிரியர்களின் மேற்கோள் மரபில் பயின்ற தமிழாய்வாளர்க்கும் இவ்வினா புறம்பானதன்று என்பதால், தேவைப்படும் இடங்களில் அம்மரபும் ஒப்புநோக்கப்பெறுகிறது.

மேற்கோளின் இரு பணிகள்

சட்டவியல் எழுத்தில் சான்றுகள் இருவகைப்படும். சட்டவிதிகளும் தீர்ப்புகளும் முதல்வகை, இவை கட்டுப்படுத்துவன. நூல்களும் ஆய்விதழ்க் கட்டுரைகளும் இரண்டாம் வகை. இவை கட்டுப்படுத்தா, தம் காரணங்களின் வலிமையால் இணங்கவைப்பன. இங்கிலாந்து நீதிமன்றங்களில் உயிருடனிருக்கும் நூலாசிரியரைச் சான்றாகக் காட்டலாகாது என்றொரு மரபு நெடுங்காலம் நிலவியது. உயிருடனிருப்பவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளக்கூடும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. 20ஆம் நூற்றாண்டில் இம்மரபு தளர்ந்தது. இன்று நீதிமன்றங்கள் வாழும் அறிஞரின் கட்டுரைகளையும் தயக்கமின்றி எடுத்தாளுகின்றன.

இவ்விரண்டாம் வகைச் சான்றுகளைக் காட்டுவதால் விளையும் பயன்கள் இரண்டு. முதலாவது, கடனை ஒப்புக்கொள்ளுதல். இக்கருத்து எனதன்று, இன்னாருடையது என்று அறிவித்தல். இரண்டாவது, சோதனைக்கு வழிவிடுதல். நான் கூறுவதை ஐயுறுவீராயின் இவ்விடத்திற்குச் சென்று பார்க்கலாம் என்று படிப்பவர்க்கு வழிகாட்டுதல். ஆய்வு நெறிமுறை பற்றிய நம் பேச்சுகளில் முதற்பணியே பெரிதும் வற்புறுத்தப்படுகிறது. கருத்துத் திருட்டு என்னும் சொல்லே மேற்கோளை உடைமைச் சிக்கலாகக் காண்பதன் விளைவு எனலாம். இரண்டாம் பணி அத்துணைக் கவனம் பெறவில்லை. சட்டவியலைப் பொறுத்தவரை இரண்டாவதே அடிப்படையானது என்பது பின்வரும் பகுதிகளால் தெளிவாகும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1954ஆம் ஆண்டுப் பிரௌன் வழக்குத் தீர்ப்பு இவண் கருதத்தக்கது. பொதுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைத் தனியே பிரித்துவைத்தல் அரசமைப்புக்கு முரண் என்றது அத்தீர்ப்பு. அதன் 11ஆம் அடிக்குறிப்பு கென்னத் கிளார்க், குன்னார் மிர்தால் உள்ளிட்ட சமூக அறிவியலாரின் ஆய்வுகளைச் சுட்டியது. மறு ஆண்டே சட்ட அறிஞர் எட்மண்ட் கான், தீர்ப்பை ஆதரித்துக்கொண்டே, அவ்வாய்வுச் சான்றுகளின் வலிமையை வினவினார். குடிமக்களின் உரிமை இத்தகைய ஆய்வுகளின்மேல் நிற்கலாகாது என்பது அவர் கவலை. இவ்விவாதம் இயன்றது அடிக்குறிப்பு இருந்ததனால்தான். தன் ஆதாரத்தை வெளிப்படக் காட்டிய எழுத்து தன்னை மறுப்பதற்கான வாயிலையும் திறந்துவைக்கிறது. மேற்கோளின் நேர்மை இத்திறப்பிலேயே அடங்கியுள்ளது.

வடிவமும் அதன் உட்பொருளும்

சட்டவியல் மேற்கோளின் வடிவ நெறிகள் கடுமையானவை என்பது அனைவரும் அறிந்தது. அமெரிக்காவில் 'புளூபுக்' எனப்படும் கையேடு 1926ஆம் ஆண்டில் ஹார்வர்டு சட்ட ஆய்விதழ் மாணவர்களால் 26 பக்கங்களில் வெளியிடப்பெற்றது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் பதிப்பில் அது 511 பக்கங்களாக விரிந்தது. நீதிபதி ரிச்சர்டு போஸ்னர் 1986ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் இவ்வளர்ச்சியைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். வடிவத்தில் செலவாகும் உழைப்பு சிந்தனையிலிருந்து பறிக்கப்படுகிறது என்பது அவர் கண்டனத்தின் சாரம். ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் பீட்டர் பர்க்சு முன்னின்று 2000ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஆஸ்கோலா' என்னும் நெறி சுருக்கமானது. ஒருமைப்பாடு, படிப்பவர்பால் அக்கறை ஆகிய இரண்டையே அது தன் அடிப்படைகளாகக் கொள்கிறது. இந்தியாவில் இந்தியச் சட்ட நிறுவனம் தனக்கென ஓர் அடிக்குறிப்பு நெறியைக் கொண்டுள்ளது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று வெவ்வேறு தீர்ப்புத் திரட்டுகளில் வெவ்வேறு பக்க எண்களால் அறியப்பட்டுவந்த குழப்பத்திற்குத் தீர்வாக, 2023ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் எத்திரட்டையும் சாராத பொது எண்முறையை அறிமுகப்படுத்தியது.

இவ்வடிவ நெறிகளில் பல வெறும் மரபே. ஆண்டு அடைப்புக்குள் வருமா வெளியே வருமா என்பதில் அறம் ஏதுமில்லை. ஆயினும் இரு கூறுகள் அறம் சார்ந்தவை. ஒன்று, குறிப்பிட்ட பக்கத்தையோ பத்தியையோ சுட்டுதல். 400 பக்க நூலொன்றின் பெயரை மட்டும் எழுதி விடுபவர் படிப்பவரைக் காட்டில் விட்டுவிடுகிறார். பக்க எண்ணைத் தருபவர், 'நான் இவ்விடம் வரை வந்திருக்கிறேன்' என்று உறுதிகூறுகிறார். மற்றொன்று, புளூபுக் நெறியிலுள்ள முன்குறிச் சொற்கள். முன்குறி ஏதுமின்றி நூலைச் சுட்டினால், எழுத்தாளர் கூறியதை அந்நூல் நேராகவே கூறுகிறது என்பது பொருள். 'காண்க' என்றால், நேராகக் கூறவில்லை, அதிலிருந்து உய்த்துணரலாம் என்பது பொருள். 'ஒப்புநோக்குக' என்றால், வேறொரு பொருளைப் பற்றியதாயினும் ஒப்புமையால் துணைநிற்கிறது என்பது பொருள். 'எனினும் காண்க' என்பது மாறான சான்றைச் சுட்டும். ஆக, எழுதுபவர் கூற்றுக்கும் நூலுக்கும் இடையிலான உறவு எத்தகையது என்பதை ஒரு சொல்லால் ஒப்புக்கொள்ளும் கடப்பாடு இந்நெறியில் உள்ளது. நூலைப் படிக்காதவர் இச்சொற்களுள் எதனையும் நேர்மையாகத் தேர்ந்தெடுக்க இயலாது. தமக்கு மாறான நூலைப் படித்தும் சுட்டாது விடுபவரும் இந்நெறியை மீறியவரே ஆவர்.

சாட்சியச் சட்டம் கற்பிக்கும் நெறி

சட்டம் சாட்சியிடம் எதிர்பார்ப்பது யாது? 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, வாய்மொழிச் சான்று எந்நிலையிலும் நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்றது. காணத்தக்க செய்தியாயின் கண்டவரே கூறவேண்டும். கேட்கத்தக்கதாயின் கேட்டவரே கூறவேண்டும். பிறர் கண்டதாகக் கேள்விப்பட்டேன் என்பது பொதுவாக ஏற்கப்படாது. 2024 சூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்சிய அதினியமும் இந்நெறியைத் தொடர்கிறது.

நூல்களைப் பற்றியும் அப்பழைய பிரிவில் ஒரு விலக்கு இருந்தது. வல்லுநரொருவர் பொதுவிற்பனைக்குரிய நூலில் எழுதிய கருத்தை, அவர் இறந்துவிட்டாலோ கண்டறிய இயலாதவராயினாலோ, அந்நூலை முன்வைத்து மெய்ப்பிக்கலாம் என்பது அது. இதன் நுட்பம் கருதத்தக்கது. ஆசிரியரை அழைத்துவர இயலாதபோதும் சட்டம் நூலைப் பற்றிய பேச்சை ஏற்கவில்லை; நூலையே கொண்டுவரப் பணித்தது.

ஆவணங்களைப் பற்றிய பகுதி நம் வினாவிற்கு இன்னும் நெருக்கமானது. ஆவணத்தையே நீதிமன்றத்தின் பார்வைக்கு வைப்பது முதல்நிலைச் சான்று. படிகளும், ஆவணத்தில் உள்ளதைப் பற்றிய வாய்மொழிக் கூற்றும் இரண்டாம் நிலைச் சான்றுகள். அவ்வாய்மொழிக் கூற்றைக்கூட ஆவணத்தைத் தாமே பார்த்தவர்தாம் அளிக்கவேண்டும் என்று 63ஆம் பிரிவு வரையறுத்தது. இரண்டாம் நிலைச் சான்றை எப்போது ஏற்கலாம் என்பதையும் 65ஆம் பிரிவு பட்டியலிட்டது. மூலம் அழிந்துபோயிருத்தல், எதிர்த்தரப்பாரிடம் இருத்தல், எளிதில் பெயர்த்துக் கொணர இயலாததாக இருத்தல் முதலியன அக்காரணங்கள்.

இப்பகுதிகளை ஆய்வெழுத்தின் மேல் வைத்துப் பார்த்தால் தெளிவான மூன்று விதிகள் கிடைக்கின்றன. மூலத்தைப் பார்க்க இயலுமாயின் பார்க்கவேண்டும். இயலாதாயின் பார்த்தவர் வழியே கூறலாம். ஆனால் அவர் வழியே கூறுவதை மறைக்கலாகாது. மூலம் ஏன் கிட்டவில்லை என்பதும் சொல்லத்தக்க காரணமாக இருக்கவேண்டும். வழிமேற்கோள் தன்னளவில் குற்றமன்று. வழிமேற்கோளை நேர்மேற்கோளாகக் காட்டுவதே குற்றம். நீதிமன்றத்தில் செவிவழிச் செய்தியைக் கண்டதாகக் கூறும் சாட்சியை நாம் பொய்ச்சாட்சி என்போம். சாட்சியச் சட்டத்தைக் கற்பிக்கும் ஆசிரியரே தம் கட்டுரையில் அதனைச் செய்வாராயின் அதற்கு வேறு பெயர் தேடவேண்டியதில்லை.

தமிழ் மரபில் வழிமேற்கோளின் நேர்மைக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு உண்டு. இறையனார் அகப்பொருளுரை தான் நக்கீரரிடமிருந்து எவரெவர் வழியாகச் செவிவழியே இறங்கி வந்தது என்பதை முசிறி ஆசிரியர் நீலகண்டனார் ஈறாக நிரல்படக் கூறுகிறது. அத்தொடரின் வரலாற்று உண்மை ஆய்வுக்குரியது. ஆயினும் அவ்வுரை தன் கைகளின் எண்ணிக்கையை மறைக்கவில்லை. தன்னைச் சோதிப்பதற்கு வேண்டிய கருவியைத் தானே படிப்பவர் கையில் தருகிறது.

தலைக்குறிப்பு தீர்ப்பாகிய வரலாறு

மூலத்தைப் பாராது மேற்கோள் காட்டுவதால் விளையும் தீங்கு கற்பனையானதன்று. 1886ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்க்கப்பெற்ற சாண்டா கிளாரா கவுண்டி வழக்கு இதற்குச் சான்று. கலிபோர்னியாவில் தொடர்வண்டிக் குழுமத்தின் சொத்துவரி பற்றிய வழக்கு அது. விடுதலை பெற்ற அடிமைகளின் உரிமை காக்க 1868ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்ற 14ஆம் திருத்தம், வணிகக் குழுமங்களையும் 'ஆள்' எனக் கொண்டு காக்குமா என்னும் வினா அதில் எழுப்பப்பட்டது. நீதிமன்றம் அவ்வினாவுக்குள் செல்லாது, வேலிகளை வரிமதிப்பில் சேர்த்த முறை பிழை என்னும் குறுகிய காரணத்தால் வழக்கை முடித்தது.

ஆனால் தீர்ப்பு வெளியீட்டாளராகிய பேன்கிராப்ட் டேவிஸ் எழுதிய தலைக்குறிப்பு, குழுமங்கள் அத்திருத்தத்தின் பொருளில் ஆட்களே என்று கூறியது. வாதம் தொடங்குமுன் தலைமை நீதிபதி வெயிட், இவ்வினாவில் வாதம் கேட்க விரும்பவில்லை, நாங்கள் அனைவரும் அத்திருத்தம் குழுமங்களுக்குப் பொருந்தும் என்றே கருதுகிறோம் என வாய்மொழியாகக் கூறியதே அதற்கு அடிப்படை. அதனைக் குறிப்பிற் சேர்ப்பதா என்பதை நீதிபதி வெளியீட்டாளரின் முடிவுக்கே விட்டார். தீர்ப்பின் உரையில் அதற்குரிய காரண விளக்கம் ஒரு வரியும் இல்லை. 1888, 1889ஆம் ஆண்டுகளிலேயே பிற்றைத் தீர்ப்புகள் அவ்வழக்கை அக்கருத்துக்கு உரிய முன்தீர்ப்பாகச் சுட்டத் தொடங்கின. தலைக்குறிப்பு நீதிமன்றத்தின் எழுத்தன்று என அதே நீதிமன்றம் 1906ஆம் ஆண்டில் வேறொரு வழக்கில் தெளிவுபடுத்தியது. அதற்குள் மேற்கோள் மேற்கோளைப் பெற்று வேரூன்றிவிட்டது. காரணம் கூறப்படாத கருத்தொன்று, எடுத்தாளப்பட்ட எண்ணிக்கையாலேயே சட்டமாயிற்று.

அக்கருத்து சரியா தவறா என்பது வேறு வினா. நேர்ந்த குறை யாதெனில், அதற்குக் காரணம் என்ன என்று கேட்கவேண்டிய இடத்தில் எண்ணொன்று வந்து நின்றுவிட்டது. இந்தியத் தீர்ப்புத் திரட்டுகளிலும் தலைக்குறிப்புகள் பதிப்பாசிரியர்களின் ஆக்கங்களே. கிழக்குப் புத்தக நிறுவனத்திற்கும் மோடக் என்பாருக்கும் இடையிலான வழக்கில் 2007 திசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பின் மூல வாசகத்தையும் பதிப்பாசிரியர் தம் திறத்தால் சேர்க்கும் பகுதிகளையும் வேறுபடுத்தியது. முன்னது எவர்க்கும் தனியுடைமை அன்று. பின்னவற்றிற்குப் பதிப்புரிமை இருக்கக்கூடும். பதிப்புரிமைக்காக வரையப்பெற்ற இக்கோடு மேற்கோள் அறத்துக்கும் பயன்படுகிறது. தலைக்குறிப்பை மட்டும் படித்தவர் பதிப்பாசிரியரைப் படித்தவரே; நீதிமன்றத்தைப் படித்தவராகார்.

காட்டப்பெற்ற கடன்

பொய்ம்மேற்கோளின் கேட்டைக் கண்டோம். மெய்ம்மேற்கோளின் பயனுக்கு இந்திய வரலாற்றிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உள்ளது. ஐடல்பர்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த செருமானியச் சட்ட அறிஞர் டீட்டர் கான்ராடு 1965 பிப்ரவரியில் பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லைகள் உண்டா என்பது அதன் பொருள். திருத்தும் அதிகாரத்தை எழுத்தளவில் வரம்பற்றதாகக் கொண்டால் என்னென்ன செய்யலாம் என அவர் சில வினாக்களை அடுக்கினார். இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் இந்துசுதான் என்றும் இரண்டாகப் பிரிக்கலாமா என்பது அவற்றுள் ஒன்று. உயிர்க்கும் உரிமைக்கும் காப்பாகிய 21ஆம் உறுப்பை நீக்கிவிடலாமா என்பது மற்றொன்று. வைமர் அரசமைப்பு 1933ஆம் ஆண்டில் சட்டத்தின் பெயராலேயே உள்ளீடற்றதாக்கப்பட்டதையும், அதன் படிப்பினையாகச் செருமனியின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம் சில கூறுகளைத் திருத்தத்துக்கு அப்பால் வைத்ததையும் அறிந்த நாட்டினர் அவர்.

மூத்த வழக்கறிஞர் எம். கே. நம்பியார் இவ்வுரையின் கருத்தை 1967ஆம் ஆண்டுக் கோலக்நாத் வழக்கில் தம் வாதத்திற்குப் பயன்படுத்தினார். கான்ராடின் விரிவான கட்டுரை சென்னையிலிருந்து வெளிவந்த பன்னாட்டு விவகாரங்களுக்கான இந்திய ஆண்டுநூலின் 1966-67ஆம் தொகுதியில் இடம்பெற்றது. 1973 ஏப்ரல் 24ஆம் நாள் வழங்கப்பெற்ற கேசவானந்த பாரதி தீர்ப்பில் நீதிபதி எச். ஆர். கன்னா கான்ராடைப் பெயர் சுட்டி எடுத்தாண்டார். நாடாளுமன்றம் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற இயலாது என்னும் கோட்பாடு அத்தீர்ப்பால் நிலைபெற்றது. வங்காளதேச உச்ச நீதிமன்றமும் 1989ஆம் ஆண்டில் அதனை ஏற்றது.

கன்னா அம்மேற்கோளைக் காட்டாது விட்டிருப்பின் தீர்ப்பின் வலிமை குறைந்திராது. அதன் கட்டுப்படுத்தும் ஆற்றல் நீதிமன்றத்தின் அதிகாரத்திலிருந்து வருகிறது. ஆனால் ஆய்வுலகம் இரண்டை இழந்திருக்கும். முதலாவது, பனாரசில் உரையாற்றிய ஆசிரியர்க்குரிய நன்றி. இரண்டாவதும் பெரியதுமாவது, கோட்பாட்டை எடைபோடும் வாய்ப்பு. அக்கருத்து செருமானிய அனுபவத்தோடு தொடர்புடையது என்பதை அறிந்தவரே, அவ்வனுபவம் இந்தியச் சூழலுக்குப் பொருந்துமா, எங்கே வேறுபடுகிறது என்று வினவ முடியும். கோட்பாட்டை ஆதரிப்போர்க்கும் எதிர்ப்போர்க்கும் அவ்வொரு மேற்கோள் ஒரே கதவைத் திறந்துவைக்கிறது. கடனை ஒப்புக்கொள்ளுதலும் சோதனைக்கு வழிவிடுதலும் இங்கு ஒரே செயலின் இரு முகங்களாகின்றன.

இரு மறுப்புகள்

மேற்கண்ட கருதுகோளுக்கு இரு மறுப்புகள் எழக்கூடும். முதல் மறுப்பு: நீதிபதிகள் வழக்கறிஞரின் வாதவுரைகளிலிருந்து தொடர்களை அப்படியே எடுத்து எழுதுகின்றனர்; அதனை எவரும் திருட்டு என்பதில்லை. நம் இலக்கண நூலாரும் 'என்ப', 'என்மனார் புலவர்' என்ற அளவில் பெயர் கூறாது சென்றனர். உரையாசிரியர் பலரும் நூற்பெயர் சுட்டாமல் அடிகளை எடுத்தாண்டனர். அவ்வாறிருக்க ஆய்வாளருக்கு மட்டும் ஏன் இக்கடுமை?

நீதிபதியின் சொல்லுக்கு வலிமை தருவது அவர் வகிக்கும் பதவி. ஆய்வாளருக்குப் பதவியால் வரும் அத்தகைய அதிகாரம் ஏதுமில்லை. அவர் கூற்றை ஏற்பதற்கு அவர் காட்டும் காரணமும் சான்றுமே உள்ளன. சான்றைப் பொய்யாக்கியபின் அவரிடம் எஞ்சுவது ஒன்றுமில்லை. உரையாசிரியர் நிலையும் வேறு. அவர்கள் எழுதியது அதே நூல்களை நெஞ்சில் தாங்கிய மாணவர்க்கு. அடியைக் கூறிய அளவிலேயே நூல் விளங்கிற்று. அப்பொது நினைவு அற்றுப்போன காலத்தில் அவ்வடிகள் எந்நூலைச் சார்ந்தவை எனக் காண உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் எத்துணை உழைக்க நேர்ந்தது என்பதைத் தமிழாய்வாளர் அறிவர். மறுதலையாக, நூற்பெயரோடு மேற்கோள் காட்டிய யாப்பருங்கல விருத்தியால் மறைந்துபோன நூல்கள் பலவற்றின் பெயராவது நமக்குக் கிட்டியுள்ளது. ஆண்டுதோறும் பல்லாயிரம் தீர்ப்புகளும் கட்டுரைகளும் பெருகும் சட்டவுலகில் அனைவர்க்கும் பொதுவான நினைவு என ஒன்று இருத்தல் இயலாது. நினைவு நின்ற இடத்தில் இன்று அடிக்குறிப்பு நிற்கிறது.

இரண்டாம் மறுப்பு வலிமை மிக்கது. மூலத்தைப் பார்க்கவேண்டும் என்று கூறுவது எளிது. நூலகம் உள்ளவர்க்கே அது எளிது. கட்டணத் தரவுத்தளங்களுக்கும் அயல்நாட்டு ஆய்விதழ்களுக்கும் பணம் கட்ட இயலாத சிறுநகரக் கல்லூரி மாணவர் என்செய்வார்? அவர்மேல் இவ்விதியைச் சுமத்துவது வசதியுள்ளோரின் அறத்தை வசதியற்றோர்மேல் ஏற்றுவதாகாதா?

இம்மறுப்பில் உண்மை உண்டு. அதற்குரிய விடையும் சாட்சியச் சட்டத்திலேயே உள்ளது. மூலம் கைக்கு எட்டாதபோது இரண்டாம் நிலைச் சான்றை அச்சட்டம் ஏற்றது; ஏழ்மையை அது பொய்யாக்கவில்லை. ஆதலின் குறையுள்ள இடம் மாணவரிடத்தன்று, அவரை மதிப்பிடுவோரிடத்தே எனலாம். 'இன்னார் நூலின் வழி' என்று வெளிப்பட எழுதிய ஆய்வேட்டின் மதிப்பைக் குறைத்து, பாராத நூல்களைப் பார்த்ததுபோல் அடுக்கிய ஆய்வேட்டை விரிந்த படிப்பென்று பாராட்டும் வழக்கம் இருக்கும்வரை, பொய்யை நாமே கற்பிக்கிறோம். நூற்பட்டியலின் நீளத்தை அளவுகோலாகக் கொள்ளும் தேர்வாளர் இக்குற்றத்தில் பங்காளர்.

மொழி சார்ந்த தடையும் இதனோடு சேர்ந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரையிலான ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டது, ஆங்கிலம் அறியாதார்க்கும் மூலத்துக்கும் இடையிலிருந்த தொலைவைக் குறைக்கும் முயற்சியாகும். 2019ஆம் ஆண்டு முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பையும் வெளியிட்டுவருகிறது. ஆயினும் சட்டத் தகுதியுடையது ஆங்கில மூலமே என்னும் அறிவிப்பு அவற்றில் இடம்பெறுகிறது. தமிழில் படித்தவர் தமிழாக்கத்தைப் படித்தேன் என்று எழுதுவதே முறை. அவ்வாறு எழுதுவதில் தாழ்வு ஒன்றும் இல்லை. மாறாக, மொழிபெயர்ப்பில் பிழை உண்டாயின் அது மூலத்தின் பிழையாகப் பரவாமல் அங்கேயே தடுக்கப்படும்.

அளவுகோல்களின் எல்லை

மேற்கோள் நேர்மையை இன்று நாம் பெரும்பாலும் கருவிகளின் பொறுப்பில் விட்டுள்ளோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒழுங்குமுறை, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருப்பின் நடவடிக்கை இல்லை எனவும், அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60க்கு மேல் எனப் படிநிலைகள் வகுத்தும் தண்டனைகளை விதித்தது. இது சொற்களின் ஒப்புமையை அளக்கிறது. கடன் மறைப்பைக் கண்டறிய உதவுகிறது. ஆனால் காட்டப்பட்ட நூல் படிக்கப்பட்டதா, அது அக்கருத்தைக் கூறுகிறதா என்பதை இவ்வளவுகோல் அறியாது. முழுதும் பொய்யான நூற்பட்டியலும் ஒப்புமைச் சோதனையில் தூய்மையானதாகவே தேறிவிடும்.

இவ்வச்சம் மிகையன்று என்பதை நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தின் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கு காட்டிற்று. சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி புனைந்து தந்த, எங்கும் இல்லாத தீர்ப்புகளை வழக்கறிஞர் தம் மனுவில் சான்றாகக் காட்டினர். அவை தீர்ப்புகளின் பெயர், எண், ஆண்டு என அனைத்து வடிவ நெறிகளுக்கும் ஒத்திருந்தன. 2023 சூன் 22ஆம் நாள் நீதிபதி கெவின் காசுடெல் 5,000 டாலர் தண்டம் விதித்தார். அத்துடன், பொய்த்தீர்ப்புகளை எழுதியதாகப் பெயர் சுட்டப்பட்ட உண்மையான நீதிபதிகளுக்கு இச்செய்தியை மடல்வழி தெரிவிக்கவும் ஆணையிட்டார். இவ்வாணையின் அறநுட்பம் தண்டத்தினும் பெரியது. பொய்ம்மேற்கோளால் பாதிக்கப்படுவோர் மூவர்: நம்பிப் படிப்பவர், வழக்கில் எதிர்நிற்பவர், தாம் கூறாததைக் கூறியதாகப் பெயர் பெறுபவர். மூன்றாமவரை நாம் மறந்துவிடுவதுண்டு. படிக்காத நூலைத் தம் கருத்துக்குத் துணையென எழுதும் ஆய்வாளரும் ஓர் ஆசிரியரின் வாயில் தம் சொல்லை வைக்கிறார். அவர் இறந்தவராயின் மறுக்கவும் வழியில்லை.

கருவி புனைந்த மேற்கோளும், பிறர் அடிக்குறிப்பிலிருந்து பெயர்த்தெடுத்த மேற்கோளும் அளவால் வேறுபடுவன. முன்னதில் நூலே இல்லை. பின்னதில் நூல் உண்டு. ஆனால் எழுதியவர் இரண்டிடத்தும் செய்தது ஒன்றே. பாராததைப் பார்த்ததாகச் சாற்றினார். நூல் உண்மையில் இருந்தது என்பது அவரது நல்லூழ்.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. சட்டவியல் எழுத்தில் மேற்கோள் கடனறிவிப்பாக மட்டும் நில்லாமல் சாட்சியமாகவும் விளங்குகிறது. ஆதலால் நேரில் காண்டல், காண இயலாதபோது வழியை வெளிப்படக் கூறல், கூற்றுக்கும் சான்றுக்கும் உள்ள உறவை மிகைப்படுத்தாமை, மாறான சான்றை மறையாமை ஆகிய நான்கும் ஆய்வாளருக்குரிய கடமைகளாகின்றன. மேற்கோளின் வடிவ நெறிகள் இக்கடமைகளுக்குத் துணைபுரியும் அளவில் மதிப்புடையன.

இக்கடமைகள் தனியொருவரின் மனச்சான்றால் மட்டும் நிறைவேறுவன அல்ல. வழிமேற்கோளை ஒப்புக்கொள்பவரை இழிவாகக் கருதாத மதிப்பீட்டு முறையும், கட்டணமின்றி மூலங்களைக் காணத்தக்க நூலக ஏற்பாடும், ஆய்வேட்டில் காட்டப்பெற்ற நூல்களுள் இரண்டொன்றையேனும் எடுத்துவந்து வாய்மொழித் தேர்வில் உரிய பக்கத்தைத் திறந்துகாட்டச் சொல்லும் வழக்கமும் வேண்டும். இறுதியில் கூறியது எளிது, செலவற்றது, எத்துறைக்கும் பொருந்துவது. தமிழ்த்துறைகளும் அதனை மேற்கொள்ளலாம்.